பிறந்த இன்ஜினா, புகுந்த இன்ஜினா?

பழைய செவர்லே வி-8 இன்ஜினின் முன்புறத்தில், வலது பக்க சிலிண்டர் ஹெட் முடிகிற இடத்தில், பிளாக்கின் இரும்பிலேயே ஒரு சின்ன மட்டமான திட்டு துருத்திக்கொண்டிருக்கும். 1969 மாடல் கார்களில் ஆல்டர்னேட்டர் அந்தப் பக்கமே உட்கார்ந்திருப்பதால் லேசில் கண்ணில் படாது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், பஞ்ச் அடித்த பதினாறு எழுத்துகளும் எண்களும் தெரியும். அந்தக் கார் என்ன விலைக்குப் போகும் என்பதில் அந்தத் திட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. பெயின்ட், சீட், குரோமியம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் காருக்குள் இருந்த இன்ஜின் இன்றும் அதற்குள்தான் இருக்கிறதா? பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது இதைத்தான். விற்பவர் ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்று சொல்லி முடித்துவிடுவார். அப்படிச் சொல்லும்போது அவர் மனத்தில் இருப்பது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். காரோடு பிறந்த இன்ஜின் என்பது ஒன்று. அதே ரகத்தில், அதே காலத்தில் வார்த்த வேறொரு இன்ஜின் என்பது இன்னொன்று. ஆவணத்தில் உள்ள எண்ணும் இன்ஜினில் உள்ள எண்ணும் ஒன்று என்பது மட்டும் மூன்றாவது. இவற்றுக்கிடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவதை எப்படி நிறுவுவது, எதுவரை நிறுவ முடியும் என்பதுதான் இங்கே விசாரணை. எண் பொருந்திவிட்டது என்பதோடு அந்த விசாரணை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. எண்ணை யாரும் அடித்துவிடலாம். அதைத் தாங்கியிருக்கும் இரும்பை ஏமாற்றுவதுதான் கடினம்.

செவர்லே கமாரோ இசட்-28-ஐ எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தக் காருக்கு இன்ஜின்தான் எல்லாம். அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் இன்ஜின் கொள்ளளவு 5 லிட்டரைத் தாண்டக் கூடாது. அதாவது சுமார் 305 கன அங்குலம். செவர்லேயிடம் இருந்த 327 கன அங்குல இன்ஜின் வரம்பைத் தாண்டியது. 283 மிகவும் சிறியது. 327-இன் 4 அங்குலத் துளையுள்ள பிளாக்கையும் 283-இன் 3 அங்குல வீச்சையும் சேர்த்தார்கள். 302 கன அங்குலம் கிடைத்தது, வரம்புக்கு மூன்றே கன அங்குலம் குறைவாக. பந்தயத்துக்கு அனுமதி வேண்டுமானால் அதே காரைப் பொதுமக்களுக்கும் விற்க வேண்டும் என்பது விதி. அப்படிக் கடைக்கு வந்ததுதான் இசட்-28. முதல் வருடமான 1967-இல் விற்றவை 602 கார்கள். 302 இன்ஜின் 1969 வரைதான் வந்தது. அடுத்த மாடலில் 350 கன அங்குல இன்ஜின் அதன் இடத்தைப் பிடித்தது.

இந்தக் காரை வாங்கியவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். வாங்கியது விரட்டுவதற்கு. உயர் சுழற்சியில் உயிர் பெறுகிற இன்ஜின் என்பதால் கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததெல்லாம் சாதாரணம். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைத்த 350-ஐ வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி ஓட்டினார்கள். உடைந்த 302 எடைக்குப் போனது. இருபது வருடம் கழித்து அந்தக் காரை ஒருவர் சரித்திரப் பொருளாகத் தேடி வருவார் என்று அன்று யார் நினைத்தார்கள்? பழைய பந்தயக் கார்களில் பிறந்த இன்ஜினோடு இருப்பது அரிதாகப் போனதற்கு இதுதான் காரணம். விலை ஏறியதற்கும், போலியாக எண் அடிப்பது ஒரு தொழிலாகவே ஆனதற்கும் இதுவே காரணம்.

இனி அந்தத் திட்டுக்கு வருவோம். அதில் இரண்டு தனித்தனி வரிசைகள் இருக்கும். முதல் வரிசையை அடித்தது இன்ஜின் ஆலை. ‘வி 0312 டிஇசட்’ என்று இருந்தால், ‘வி’ என்பது மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் ஆலை. 0312 என்பது மார்ச் 12-ஆம் தேதி இன்ஜினைக் கோத்து முடித்தார்கள் என்பது. ‘டிஇசட்’ என்பது 1969 இசட்-28-க்கான 302 இன்ஜின். நியூயார்க் மாநிலத்தின் தோனவாண்டா ஆலையில் செய்த பெரிய வி-8-களுக்கு வேறு எழுத்து. இந்த வரிசையில் ஆண்டு கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது வரிசையை அடித்தது காரைக் கோத்த ஆலை. 1969 கமாரோவின் முழு அடையாள எண் 13 இடங்கள் கொண்டது. உதாரணமாக ‘124379 என்’ என்று தொடங்கி ஆறு இலக்க வரிசை எண்ணில் முடியும். 1 என்றால் செவர்லே, 24 என்றால் வி-8 கமாரோ, 37 என்றால் கூபே பாடி, 9 என்றால் 1969, ‘என்’ என்றால் ஒஹையோ மாநிலத்தின் நார்வுட் ஆலை. இதைச் சுருக்கி ‘19 என்’ என்ற தொடக்கத்தோடு அதே ஆறு இலக்கங்களை இன்ஜினில் அடித்தார்கள். திருட்டைத் தடுப்பதற்காக வந்த ஏற்பாடு இது. 1968 மாடலிலிருந்து, செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் கார்கள் எல்லாவற்றிலும் நடைமுறையானது. 1969-இல் சில இன்ஜின்களில் இந்த வரிசை முன் திட்டில் இல்லாமல் ஆயில் ஃபில்டருக்கு மேலே இருப்பதும் உண்டு. அதைத் தெரியாமல், திட்டில் எண் இல்லை என்பதற்காக நல்ல காரை விட்டுவிட்டவர்கள் இருப்பார்கள்.

இந்த ஆறு இலக்கங்களும், டேஷ்போர்டின் மேல் கண்ணாடி வழியாகத் தெரியும் தகட்டில் உள்ள ஆறு இலக்கங்களும் ஒன்று என்றால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. தகடு ரிவெட்டில் நிற்பது. கழற்றி வேறு காரில் வைக்கலாம். அதனால்தான் கமாரோவில் மறைவான இரண்டு இடங்களில், ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரிலும் கண்ணாடிக்குக் கீழே காற்றுத் திறப்பை மூடும் பலகைக்கு அடியிலும், அதே எண்ணைச் சுருக்கமாக அடித்திருக்கிறார்கள். அங்கே போய்ப் பார்க்காத பரிசோதனை பாதிப் பரிசோதனைதான். கியர்பாக்ஸிலும் காரின் எண் உண்டு. இன்ஜின், கியர்பாக்ஸ், டேஷ்போர்டு, மறைவிடம் நான்கும் ஒரே குரலில் பேசினால் அடுத்த படிக்குப் போகலாம்.

அடுத்தது வார்ப்பு. பிளாக்கின் பின்புறம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில், எண்கள் புடைத்துக்கொண்டிருக்கும். இவை பஞ்ச் அடித்தவை அல்ல. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றியபோதே வந்தவை. ஒரு பக்கம் வார்ப்பு எண், மறு பக்கம் வார்த்த தேதி. 1969-இன் 302-களில் காணும் வார்ப்பு எண்களில் 3970010 ஒன்று. அந்த எண் இருக்கிறது என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் ஏமாந்துவிட வேண்டாம். ‘010 பிளாக்’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் அதே வார்ப்பு, எழுபதுகள் முழுக்க 350 இன்ஜின்களாகச் சாதாரணக் கார்களுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் போனது. எனவே வார்ப்பு எண் சரியாக இருப்பது எதையும் நிரூபிக்காது. தவறாக இருந்தால் மட்டும் எல்லாவற்றையும் நிரூபித்துவிடும்.

வார்த்த தேதியை எழுத்தும் எண்ணுமாகக் குறித்தார்கள். மாதத்துக்கு ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். ‘பி 27 9’ என்றால் பிப்ரவரி 27, 1969. அல்லது பிப்ரவரி 27, 1979! ஒற்றை இலக்கம் என்பதால் பத்தாண்டு தெரியாது. 010 பிளாக் எழுபதுகளின் இறுதி வரை வந்ததால் இது வெறும் கற்பனைச் சந்தேகம் அல்ல. 1979-இல் வார்த்த ஒரு பிளாக்கின் திட்டை மட்டம் செய்து ‘டிஇசட்’ அடித்து, 1969 என்று விற்க இடம் இருக்கிறது. பிளாக்கின் மற்ற சின்னச் சின்ன வார்ப்பு அம்சங்களையும் பார்த்துத்தான் பத்தாண்டை உறுதி செய்ய வேண்டும்.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்பதில்தான் பரிசோதனையின் அறிவு முழுவதும் இருக்கிறது. இரும்பை முதலில் வார்க்க வேண்டும், பிறகு கடைந்து கோக்க வேண்டும், பிறகு ரயிலிலோ லாரியிலோ கார் ஆலைக்கு அனுப்ப வேண்டும், பிறகுதான் காரில் மாட்ட முடியும். பிப்ரவரி 27-இல் வார்த்து, மார்ச் 12-இல் கோத்து, இன்ஜின் அறைச் சுவரில் உள்ள பாடித் தகட்டில் மார்ச் நான்காம் வாரம் என்று இருந்தால் கதை ஒழுங்காக வருகிறது. வார்த்த தேதி மார்ச் 20 என்று இருந்து, கோத்த தேதி மார்ச் 12 என்று அடித்திருந்தால்? பிள்ளை பிறக்கும் முன்பே பேர் வைத்த கதை. அந்தப் பஞ்ச் போலி. வேறு விளக்கமே கிடையாது. கோத்த தேதி கார் முடிந்த தேதிக்குப் பிந்தியதாக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் இடைவெளி அதிகம் என்பதற்காக மட்டும் ஒரு காரைப் பொய் என்று ஒதுக்கக் கூடாது. குறைவாகவே தேவைப்பட்ட ரகங்கள் மாதக்கணக்கில் கிடங்கில் காத்திருந்ததும் உண்டு.

கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப், பின் ஆக்ஸில் ஆகியவற்றிலும் தேதிக் குறி உண்டு. இவை கழற்றி மாட்டக் கூடியவை, ஐம்பது வருடத்தில் மாறியிருப்பதே இயல்பு. எல்லாமே கச்சிதமாக ஒரே மாதத்தைக் காட்டுகிற கார் தேடிப் பிடித்துப் பொருத்திய காராகவும் இருக்கலாம். கொஞ்சம் முன்பின்னாக இருக்கும் காரை நான் கூடுதலாக நம்புவேன்.

எழுத்தைப் படித்தாயிற்று. இனி அது பதிந்திருக்கும் பரப்பைப் படிக்க வேண்டும். சிலிண்டர் ஹெட் உட்காரும் மேல்பரப்பையும் அதோடு சேர்ந்த இந்தத் திட்டையும் ஆலையில் புரோச்சிங் இயந்திரம் ஒரே இழுப்பில் சீவியது. வரிசையாகப் பற்கள் கொண்ட நீண்ட வெட்டுக்கருவி அது. பிளாக்கின் மேல் முன்பின்னாக ஓடும்போது தலைமுடி போன்ற மெல்லிய நேர்கோடுகளை விட்டுச் செல்லும். பல்லில் சின்னச் சில்லு உடைந்திருந்தால் அந்த வடுவும் கோடாக வரும். பல வருடம் கழித்து ஒரு பட்டறையில் பிளாக்கை ஃபேசிங் செய்தால், அங்கே சுழலும் கட்டர் வளைவான கோடுகளை விடும். அரைக்கல் என்றால் இன்னொரு விதமான தடம். பஞ்ச் எழுத்து ஆழமானதல்ல என்பதால் ஃபேசிங்கில் பழைய எண் பெரும்பாலும் போய்விடும். ஆக, வளைவான கோடுகளின் மேல் அழகாக, தெளிவாக எண் இருக்கிறது என்றால் அது தொழிற்சாலையில் அடித்ததாக இருக்க முடியாது. ஃபேசிங்குக்குப் பிறகு யாரோ அடித்தது.

கோடு நேராகத்தான் இருக்கிறது, அப்புறம்? எழுத்தின் உள்ளே பாருங்கள். ஆலையில் முதலில் சீவினார்கள், பிறகு பஞ்ச் அடித்தார்கள். எனவே புரோச் கோடு எழுத்தின் விளிம்பு வரை வந்து, பள்ளத்தில் அமுங்கி, மறுபுறம் தொடர வேண்டும். எழுத்தைச் சுற்றி இரும்பு லேசாக மேடிட்டிருக்க வேண்டும். போலிக்காரர்கள் பழைய எண்ணைச் சீவிவிட்டு, உப்புத்தாளாலோ தனிக் கருவியாலோ நேர்கோடுகளை உருவாக்குகிறார்கள். அப்போது திட்டு ஹெட் பரப்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்து போகும், அல்லது கோடுகள் திட்டோடு நின்றுவிடும், ஹெட்டுக்கு அடியில் தொடராது. ஹெட்டைக் கழற்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் தவற விடக் கூடாது. திட்டைச் சுத்தம் செய்ய பெயின்ட் நீக்கும் திரவமும் துணியும் போதும். கம்பி பிரஷ், உப்புத்தாள் எதுவும் அருகில் வரவே கூடாது. ஆர்வத்தில் தேய்த்து, தங்கள் காரின் ஒரே ஆதாரத்தைத் தாங்களே அழித்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு வரிசைகளும் இரண்டு வேறு ஊர்களில், வேறு கைகளால், வேறு பஞ்ச்களால் அடித்தவை என்பதையும் மறக்கக் கூடாது. ஃபிளின்ட்டில் எழுத்துகளை ஒரு பிடியில் வரிசையாகக் கோத்து ஒரே அடியாக அடித்தார்கள். நார்வுட்டில் அடித்த கார் எண் அளவில் வேறாக, சற்றுச் சாய்ந்து, ஒரு பக்கம் ஆழமாகவும் மறு பக்கம் மங்கலாகவும் இருக்கும். சில சமயம் முதல் வரிசையின் மேலேயே ஏறியிருக்கும். வேகமாக ஓடும் அசெம்பிளி வரிசையில் நின்ற தொழிலாளிக்கு அழகு முக்கியமில்லை. இரண்டு வரிசையும் ஒரே எழுத்துருவில், ஒரே ஆழத்தில், கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒழுங்காக இருந்தால் அங்கே நின்று யோசிக்க வேண்டும். அந்தந்த ஆலை, அந்தந்த மாதத்தில் பயன்படுத்திய எழுத்துருக்களின் படங்களைச் சேர்த்து வைத்து ஒப்பிட்டுச் சொல்லும் நிபுணர்கள் இருக்கிறார்கள். நம் கல்வெட்டாய்வாளர் ஒரு செப்பேட்டில் சொல்லியிருக்கும் ஆட்சியாண்டையும் எழுத்தின் வடிவத்தையும் ஒப்பிட்டு, இது அந்த அரசன் காலத்ததல்ல என்று தள்ளுகிறாரே, அதே முறைதான்.

அழித்த எண்ணை மீட்கவும் வழி உண்டு. பஞ்ச் அடிக்கும்போது எழுத்துக்குக் கீழேயுள்ள உலோகமும் நசுங்கி இறுகுகிறது. மேலே உள்ளதைச் சீவிவிட்டாலும் அடியில் அந்த இறுக்கம் மிச்சம் இருந்தால், பரப்பை மெருகேற்றி அமிலக் கரைசல் தடவும்போது மறைந்த வடிவம் மங்கலாக எழுந்து வரும். காவல்துறைத் தடய ஆய்வகங்கள் துப்பாக்கி எண்ணுக்கும் சேசிஸ் எண்ணுக்கும் செய்வது இதைத்தான். உருக்குச் சட்டத்தில் நன்றாகப் பலிக்கும். வார்ப்பிரும்பு பிளாக்கில் அவ்வளவாகப் பலிக்காது.

இவ்வளவு பாடும் எதற்கு, கம்பெனிப் பதிவேட்டைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். சில கார்களுக்குப் போதும். ஜாகுவார் இ-டைப் வாங்குகிறவர் பாக்கியவான். சேசிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி எண்களை ஆலை அன்றே பேரேட்டில் எழுதி வைத்தது. அதிலிருந்து எடுத்துச் சான்றிதழ் தருகிறார்கள். பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு மேலும், சிலிண்டர் ஹெட்டின் முன்புறமும் ஒரே எண் அடித்திருப்பதால் ஹெட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். ஃபோர்டு கார்களுக்கு 1967 முதல் உள்ள ஆலைத் தரவு ஒரு தனியார் நிறுவனத்திடம் இருக்கிறது. போன்டியாக்குக்கும் அப்படி ஒன்று உண்டு. கனடாவில் விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு அந்நாட்டுக் கிளையிடம் பதிவு இருக்கிறது. ஆனால் அமெரிக்காவிலேயே விற்ற செவர்லேக்களுக்கு, இந்தக் காரில் இந்த இன்ஜின் என்று சொல்லும் பதிவேடு கிடைப்பதில்லை. உலகத்திலேயே அதிகமாகப் போலி செய்யப்படும் கார்களில் செவர்லேயும் சேர்ந்திருப்பது தற்செயலல்ல. பேரேடு இல்லாத இடத்தில் இரும்புதான் பேச வேண்டும்.

செவர்லேக்கும் சில்லறை ஆவணங்கள் உண்டு. 1965 முதல் 1972 வரை உத்தரவாதப் புத்தகத்தோடு ஒரு சின்ன உலோகத் தகடு கொடுத்தார்கள். காரின் எண்ணும் இன்ஜின் குறியும் அதில் இருக்கும். ஆலையில் எந்தப் பாகம் போட வேண்டும் என்று அச்சடித்த தாளைத் தொழிலாளிகள் சீட் ஸ்பிரிங்கில் செருகி விட்டுவிடுவார்கள். கார்வெட்டில் 1967 முதல் பெட்ரோல் டேங்க் மேலேயே ஒட்டினார்கள். ஐம்பது வருடத் துருவுக்கும் எலிக்கும் தப்பி அது கிடைத்தால் பொக்கிஷம். இவற்றையும் போலியாக அச்சடிக்கிறார்கள் என்பதால், காகிதத்தைத் தனியாக நம்பக் கூடாது.

எண்ணை எங்கே வைப்பது என்பதில் கம்பெனிகள் எடுத்த முடிவும் பின்னால் வருகிறவரைப் பாதிக்கிறது. எம்.ஜி.பி. போன்ற பிரிட்டிஷ் கார்களில் வந்த பி.எம்.சி. இன்ஜின்களில் எண் ஒரு சிறு அலுமினியத் தகட்டில் இருக்கும். தகடு பிளாக்கில் ரிவெட் அடித்து நிற்கும். தகட்டைப் பெயர்த்து வேறு பிளாக்கில் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அங்கே எண் சரியாக இருப்பது மிகப் பலவீனமான சாட்சி. ஃபெராரியின் கதை வேறு மாதிரி. 2006 முதல் அந்தக் கம்பெனியின் கிளாசிகே பிரிவு பழைய கார்களைப் பரிசோதித்துச் சான்றளிக்கிறது. தேவைப்பட்டால் பழைய வரைபடத்தின்படி புது பிளாக்கே வார்த்துத் தருகிறது.

உடைந்த இன்ஜினுக்குப் பதில் சரியான ரகத்தில், சரியான தேதியில் வார்த்த வேறொரு பிளாக் கிடைத்துவிட்டது. அதில் காரின் பழைய எண்ணை அடிக்கலாமா? அமெரிக்க ஆர்வலர்களிடையே பல வருடமாக ஓயாத சண்டை இது. பெயின்டைப் புதிதாக அடிக்கிறோம், சீட் துணியைப் புதிதாகத் தைக்கிறோம், எண்ணையும் புதிதாக அடித்தால் என்ன தப்பு, மறைக்காமல் சொல்லிவிட்டால் போகிறது என்பது ஒரு கட்சி. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பெயின்ட் தன்னை யார் என்று சொல்லிக்கொள்வதில்லை. எண் சொல்கிறது: இந்த நாளில் இந்த ஊரில் இந்தக் காருக்கு என்னைக் கொடுத்தார்கள் என்று. இன்றைய உரிமையாளர் நேர்மையானவர், வாங்குகிறவரிடம் சொல்லிவிடுவார். வாங்கியவர் அடுத்தவரிடம் சொல்வாரா? மூன்றாவது கை மாறும்போது அந்த வாய்வார்த்தை காணாமல் போய்விடும். அடித்த எண் மட்டும் காரோடு போய்க்கொண்டே இருக்கும்.

செவர்லேயே இதற்கு நல்ல வழி காட்டியிருக்கிறது. உத்தரவாதக் காலத்தில் இன்ஜின் போய்விட்டால் டீலர் மாற்றிக் கொடுத்த பிளாக்குகளில் 1968 முதல் ‘சிஇ’ என்று தொடங்கும் தனி எண் அடித்தார்கள். ‘டிஇசட்’ இல்லை, கார் எண் இல்லை. மாற்று இன்ஜின் என்று நெற்றியிலேயே எழுதியிருக்கும். அப்படிப்பட்ட இசட்-28 ஒன்றையும், திட்டு சந்தேகத்துக்கிடமான இன்னொன்றையும் முன்னால் நிறுத்தினால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். அதன் சரித்திரத்தில் ஒரு விபத்து இருக்கிறது, பொய் இல்லை.

முற்றிலும் வேறு கோணத்தில் இதே கேள்வி ஒரு நீதிமன்றத்துக்கு வந்தது. ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர் பெற்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார் 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. முதல் முறை ஓட்டியவர்கள் வுல்ஃப் பர்னாட்டோவும் டிம் பிர்க்கினும். இரண்டாம் முறை பர்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும். பிறகு அதற்கு 8 லிட்டர் இன்ஜினை மாட்டினார்கள். 1932-இல் புரூக்லண்ட்ஸ் 500 மைல் பந்தயத்தில் அது தடத்தைத் தாண்டி விழுந்து, அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். சிதைந்த காரை பர்னாட்டோ கூபேயாக மாற்றி அமைத்துக்கொண்டார். பல வருடம் கழித்து அதைப் பந்தயக் கார் வடிவத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், இது அந்தக் கார் அல்ல என்று சொல்லி பின்வாங்கியது. வழக்கு 1990-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன் முன் வந்தது.

லெ மானில் ஓடிய காரின் பாகங்களில் வெகு சிலவே மிஞ்சியிருக்கின்றன என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். இருந்தும் விற்றவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார். காரணம், இந்தக் கார் ஒரு நாளும் கலைந்து போய், பிறகு வேறொன்றாகப் பிறக்கவில்லை. பந்தயத்துக்குப் பந்தயம் பாகம் மாறி, மாறி, தொடர்ச்சி அறுபடாமல் வந்திருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ள அதே வாரிசு உரிமையுள்ள வேறு கார் உலகில் இல்லை. எனவே ஆலையில் வந்த நிலையில் இல்லாவிட்டாலும் இதுதான் அந்தக் கார் என்றார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இன்ஜின் எண் பார்ப்பவர்களின் வாதத்தையே இந்தத் தீர்ப்பு உடைப்பது போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காரின் இன்ஜின் எப்போது மாறியது, ஏன் மாறியது, யார் மாற்றினார் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. தொடர்ச்சியை நிறுவ முடிந்ததற்கு அந்த மாற்றங்கள் பதிவாகியிருந்ததே காரணம். யாராவது பழைய ஆறரை லிட்டர் இன்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்து 1929-இன் எண்ணை அடித்து மாட்டியிருந்தால், வழக்கே வேறு திசையில் போயிருக்கும்.

நம் ஊருக்கும் இது அந்நியமான விஷயமல்ல. ஊர்ப்பக்கம் ‘பிளசர்’ என்று சொன்ன பெரிய அமெரிக்க, பிரிட்டிஷ் பெட்ரோல் கார்கள் 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வைத்துக் கட்டுப்படியாகாத யானைகளாயின. அவற்றின் ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் இன்ஜின்களை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றினார்கள். சென்னையில் சிம்சன் தயாரித்த பெர்க்கின்ஸ் அதற்கு வாட்டமாக இருந்தது. அப்படிச் செய்ததால்தான் பல கார்கள் காயலான் கடைக்குப் போகாமல் பிழைத்தன. அன்றைய மெக்கானிக்குகளின் கைத்திறனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இறக்கிய இன்ஜின்கள் எங்கே போயின என்பதற்குப் பெரும்பாலும் பதில் இல்லை. இன்ஜினை மாற்றினால் பதிவு அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். ஏற்றியவர்களின் ஆர்.சி. புத்தகங்கள்தான் இன்று நமக்குக் கிடைக்கும் ஒரே பேரேடு.

மத்திய அரசு 2021 ஜூலையில் பழங்கால வாகனங்களுக்குத் தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடத்துக்கு மேலான, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். நிபந்தனை: வாகனம் மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. மாநில அளவில் குழு பரிசோதித்துப் பரிந்துரைக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அது ஒரு ஆசையையும் கிளப்பிவிடுகிறது. டீசல் ஏற்றிய கார்க்காரர் மூல இன்ஜினைத் தேடுவார். கிடைக்காதபோது அதே ரகத்தில் ஒன்றைப் பிடித்து, ஆர்.சி.யில் உள்ள எண்ணை அடித்துக்கொள்ளலாமா என்று யோசிப்பார். சேசிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுக்கும் நம் பழைய முறை எண்ணின் வடிவத்தைக் காட்டும். அது எந்தப் பரப்பில், எப்போது பதிந்தது என்பதைக் காட்டாது. பரிசோதிக்கும் குழு வார்ப்புத் தேதியையும் திட்டின் பரப்பையும் பார்க்கப் பழக வேண்டும். ஒவ்வொரு காரின் திட்டையும் படமெடுத்துப் பொதுப் பதிவாக வைத்தால், இருபது வருடத்தில் நம்மிடம் நம்பத்தக்க ஒப்பீட்டுத் தொகுப்பு இருக்கும். மாற்று இன்ஜினோடு வரும் காரை முழுக்கத் தள்ளிவிடாமல், மாற்றப்பட்ட ஆண்டையும் இன்ஜினின் ரகத்தையும் குறித்துத் தனி வகையாக ஏற்பதுதான் பொய்க்கு வேலை இல்லாமல் செய்யும் வழி.

உங்கள் வீட்டில் பழைய கார் இருந்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். ரீபோருக்கோ ஃபேசிங்குக்கோ பிளாக்கை இறக்கும் முன், இன்ஜின் எண் உள்ள திட்டைத் துணியால் துடைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் விட்டு, அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். வார்ப்பு எண்ணையும் தேதியையும் அப்படியே எடுங்கள். ஹெட் பரப்பைச் சீவினாலும் எண் இருக்கும் திட்டில் கட்டரை ஏற்றாமல் நிறுத்த நல்ல பட்டறைக்காரரால் முடியும். அதை வாயால் சொல்லாமல் வேலைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். இன்ஜின் மாற்றியது என்றால் எந்த வருடம், எதை இறக்கி எதை ஏற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு ஆர்.சி.யோடு வையுங்கள். பழைய இன்ஜின் எங்காவது மூலையில் கிடந்தால் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.